குரக்கனை விலக்கத்தான் வேண்டுமா?

சிறுநீரக நோயாளரின் தட்டில் முழுத்தானியம்

புல்மோட்டையை அடுத்துள்ள மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், சென்ற மாரிக்கு முன்னர் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டிய விவசாயி. 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஊரைவிட்டு ஓடியவர். பல முகாம்களில் அலைந்து, போர் முடிந்தபின் திரும்பிவந்து காடு வெட்டிக் குடிசை போட்டவர். திண்ணையின் ஒரு மூலையில் குரக்கன் மூட்டை ஒன்று வாய் கட்டியபடி இருந்தது. அவர் முன்னால் வைக்கப்பட்டிருந்ததோ கடைப் பாணும் கருவாட்டுச் சம்பலும்.

"என்ன ஐயா, குரக்கன் இருக்கப் பாண் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"பாதர், எனக்குக் கிட்னி வருத்தமெண்டு சொல்லிப்போட்டினம். குரக்கன், தவிட்டரிசி, பயறு ஒண்டும் கூடாதாம். கடுதாசியில எழுதிக் குடுத்திருக்கினம். நான் விதைச்சதை நானே தின்னக்கூடாதெண்டால் பிறகென்ன சீவியம்?" என்றார்.

மருமகள் அந்தக் கடதாசியை எடுத்துவந்து காட்டினாள். ஒரு சிகிச்சை நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பழைய அச்சுப் பிரதி அது. அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. பிள்ளைகளுக்குச் சோறும் பிட்டும். மாமாவுக்குப் பாணும் பக்கற் நூடில்ஸும். அவரோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தார்.

அந்தக் கடதாசியில் உள்ளது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. இதே கேள்வியோடு எமது பகுதியில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால், இது விடயத்தைச் சற்று விரிவாக எழுதுகின்றோம்.

எமது அயலில் உள்ள நோய்

சிறுநீரகம் கெடுவதற்கு உலகெங்கும் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று நீரிழிவு, மற்றது உயர் இரத்த அழுத்தம். ஆனால் 1990களில் எமக்கு மேற்கே பதவியா, மதவாச்சி போன்ற குடியேற்றப் பகுதிகளில், இவ்விரண்டும் இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் பழுதடைவதை வைத்தியர்கள் கண்டார்கள். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டார்கள். எமது திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரவும் அந்த உலர்வலயப் பட்டியில் அடங்கியதே. வயற்காணிக்கும் குளத்து நீருக்கும் மாவட்ட எல்லை தெரியாது.

உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மாவட்டங்களில் தெரிவுசெய்யப்பட்ட இடங்களில் 15 முதல் 70 வயதுக்குட்பட்டோரைப் பரிசோதித்தபோது, பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கும் ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேருக்கும் இந்நோய் இருந்தது. முற்றிய நிலையிலோ ஆண்களே அதிகம். கடின நீர், நீரிலுள்ள புளோரைட், கட்மியம் போன்ற உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடலின் நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இதுதான் ஒரே காரணம் என்று எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளில் கரும்புத் தோட்டத் தொழிலாளரையும், ஆந்திராவின் உத்தானம் பகுதி விவசாயிகளையும் இதையொத்த நோய் வாட்டுகிறது. வெயிலில் உழைக்கும் ஏழைகளையே இது தேடிப் பிடிக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை, வீக்கம் காட்டுவதில்லை. சிறுநீரில் புரதம் போவதும் குறைவாகவே இருக்கும். ஆகவே சிறுநீரை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று இருந்துவிட முடியாது. இரத்தத்தில் கிரியற்றினின் அளவையும் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் செய்யும் வேலை

எமது சிறுநீரகம் இரண்டும் ஒவ்வொன்றும் கைமுட்டி அளவானவை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. ஒரு நாளில் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப எடுத்து, மிஞ்சும் ஒன்றிரண்டு லீற்றரையே சிறுநீராக வெளியே விடுகின்றன. உழவன் வாய்க்காலை வெட்டியும் கட்டியும் வயலுக்கு நீர் அளப்பதுபோல, இரத்தத்தில் உப்பு எவ்வளவு, பொற்றாசியம் எவ்வளவு, பொசுபரசு எவ்வளவு என்று அளந்து வைப்பதும் இவையே.

வடிகள் பழுதானால் இந்த அளவு தவறுகிறது. பொற்றாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு குழம்பும். திடீர் மரணமும் நேரலாம். பொசுபரசு மிகுந்தால் எலும்பு பலவீனமாகும், தோல் கடிக்கும், இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். இந்த இரண்டுக்கும் பயந்துதான் தானியக் கட்டுப்பாடு வந்தது.

கடதாசியில் ஏன் அப்படி எழுதினார்கள்?

தானியத்தின் சத்தெல்லாம் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பொற்றாசியமும் பொசுபரசும் அங்கேதான். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இவை ஒவ்வொன்றும் சுமார் 100 மில்லிகிராம். தவிடு நீக்காத அரிசியில் பொசுபரசு 300 மில்லிகிராமை ஒட்டியும், பொற்றாசியம் 200 முதல் 250 வரையும் இருக்கும். குரக்கனில் பொற்றாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல்; பொசுபரசு 200 முதல் 280 வரை. கணக்கை மட்டும் பார்த்தால் வெள்ளை அரிசியும் வெள்ளை மாவும் நல்லவை, தவிடுள்ளவை கெட்டவை என்றே தோன்றும். முன்பு அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

ஆனால் தானியத்தில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. தவிட்டிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் பொருளாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியம் மனிதக் குடலில் போதியளவு இல்லை. ஆகையால் தானியத்திலும் பயறுவகையிலும் உள்ள பொசுபரசில் பாதிக்கும் குறைவே இரத்தத்தில் சேர்கிறது. மீன், இறைச்சி, பாலிலிருந்து இதைவிடக் கூடுதலாகச் சேரும். பதப்படுத்திய உணவில் கலக்கும் பொசுபேற்று உப்போ ஏறக்குறைய முழுவதுமாகவே சேர்ந்துவிடும். சொசேஜ், ரின்னில் அடைத்த இறைச்சி, சீஸ், கறுப்பு நிறச் சோடா, பேக்கிங் பவுடர் போட்ட பண்டங்கள் என்பன இந்த வகை.

இதனாலேயே, 2020இல் அமெரிக்கச் சிறுநீரக வைத்தியர்களும் போசணையாளர்களும் வெளியிட்ட வழிகாட்டியில், பொசுபரசின் அளவை மட்டும் பாராமல் அது எந்த உணவிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்கும்படி கூறப்பட்டது.

பாணைப் பற்றியும் ஒரு சொல். 100 கிராம் பாணில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு இருக்கும். 450 கிராம் பாணை ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்டு முடித்தால், நாளுக்கு உகந்த 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, பாணிலேயே ஏறக்குறையத் தீர்ந்துபோகும். அதன்மேல் கருவாடும் நூடில்ஸ் தூளும் வந்தால் இரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? எமது விவசாயி குரக்கனுக்குப் பயந்து உப்பிடம் போய் மாட்டிக்கொண்டார்.

எம்மவருக்குப் பாண் பழகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. முகாம்களில் வருடக்கணக்காக நிவாரணமாகக் கிடைத்தது கோதுமை மாவும் அரிசியும் பருப்பும் சீனியுமே. குரக்கன் அரைத்த திரிகையும் அரிசி குத்திய உரலும் விட்டுவந்த ஊரில் கிடந்தன. முகாமில் பிறந்த பிள்ளை குரக்கன் பிட்டைக் "கறுப்புப் பிட்டு" என்று ஒதுக்கியதை நாமே கண்டிருக்கிறோம்.

முழுத்தானியம் தரும் நன்மை

தவிட்டிலுள்ள நார்ச்சத்து சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவருக்கு இது பெரிய உதவி. மலச்சிக்கல் நீங்குவது மற்றொரு நன்மை. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொற்றாசியத்தின் ஒரு பங்கு குடல் வழியாகவே வெளியேறுகிறது. மலம் கட்டினால் அந்த வழியும் அடைபடும். சோறு பாண் என்று ஒன்றையே தின்று அலுத்தவருக்குப் பசியெடுப்பதும் நன்மைதான். நோயாளி உண்ணாமல் மெலிவது நோயை விடக் கொடியது.

ஆயினும் ஒரே கட்டளை எல்லோருக்கும் பொருந்தாது. நோயாளரை மூன்று பிரிவாகப் பார்ப்போம்.

முதலாவது, நோயின் தொடக்க, நடு நிலையில் இருப்பவர். கிரியற்றினினைக் கொண்டு கணிக்கும் வடிகட்டும் வேகம் 30க்கு மேல் இருந்து, இரத்தத்தில் பொற்றாசியமும் பொசுபரசும் அளவோடு உள்ளவர். இவர் பொதுவாகச் சிவப்பரிசியும் குரக்கனும் அளவாக உண்ணலாம். விலக்கக் காரணமில்லை.

இரண்டாவது, வடிகட்டும் வேகம் 30க்குக் கீழே இறங்கியவர், அல்லது பொற்றாசியம் 5க்கு மேல் ஏறியவர். இவர் முழுத்தானியத்தை முற்றாக விடவேண்டும் என்பதில்லை. ஆனால் அளவை வைத்தியரிடமோ போசணையாளரிடமோ கேட்டே தீர்மானிக்க வேண்டும். பாதி வெள்ளையரிசி, பாதி சிவப்பரிசி என்று கலப்பது ஒரு வழி. 50 கிராம் குரக்கன் மாவில் சுட்ட ரொட்டியில் சுமார் 200 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு. ஒரு குவளை இளநீரிலோ சுமார் 600! ரொட்டியை ஒதுக்கிவிட்டு "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று இளநீர் குடிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, டயலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். இவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சொல்வார்கள். சுத்திகரிப்புக்குப் போகாத நோயாளருக்கோ புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் உணவுப் பட்டியலைப் பார்த்து நாம் உண்ணக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. சிறுநீரகக் கல் உள்ளவரின் கட்டுப்பாடும் வேறு.

அடுப்படியில் கவனிக்க வேண்டியவை

அரிசியை நன்கு கழுவி, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு பாதுகாப்பான நீர் விட்டு அவித்து, கஞ்சியை வடித்துவிடுங்கள். பொற்றாசியத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். தவிட்டில் தங்கக்கூடிய ஆசனிக்கும் இதனால் குறையும். பொற்றாசியம் மிகுந்தவர் அந்த வடிகஞ்சியைக் குடிக்கலாகாது.

குரக்கன் மாவையும் வெள்ளை அரிசி மாவையும் சமமாகக் கலந்து பிட்டு அவிக்கலாம், ரொட்டி சுடலாம். உப்பை மிகக் குறையுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். முளைகட்டிய குரக்கன் மா வளரும் பிள்ளைகளுக்கு மிக நல்லது. ஏனெனில் முளைக்கும்போது பைற்றேற்றுப் பூட்டுத் திறந்து சத்துகள் உடலில் சேரும். அதே காரணத்தால், பொசுபரசு மிகுந்த நோயாளிக்கு முளைகட்டாத மாவே பொருத்தம். ஒரே தானியம், ஆளுக்கேற்ற பக்குவம்.

கறிக்குப் புடலங்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய் போன்றவை ஏற்றவை. உருளைக்கிழங்கு, மரவள்ளி, கீரை என்பவற்றைச் சிறிதாக அரிந்து, நிறைய நீரில் அவித்து, நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொற்றாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். நோயாளர் அதைத் தொடவே கூடாது.

வேலியோரத்தில் காய்க்கும் விளிம்பிப்பழமும் அதன் இனமான பிலிம்பிக்காயும் சிறுநீரக நோயாளருக்கு நஞ்சு. சாறாகக் குடித்து நல்ல சிறுநீரகமே கெட்டுப்போன சம்பவங்கள் எமது நாட்டு வைத்தியர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளன.

தானியத்தோடு வந்த நஞ்சு

தானியத்திற்கும் சிறுநீரகத்திற்கும் உள்ள தொடர்பில் ஐரோப்பா தந்த பாடம் ஒன்று உண்டு. தன்யூப் நதியின் கிளையாறுகளை அண்டிய பல்கேரியா, சேர்பியா, குரோசியா, பொஸ்னியா, ருமேனியா ஆகிய நாடுகளின் விவசாயக் கிராமங்களில் ஒரு சிறுநீரக நோய் குடும்பம் குடும்பமாக வந்தது. 1950களில் அதை வைத்தியர்கள் விவரித்தார்கள். காரணம் பிடிபட அரை நூற்றாண்டு சென்றது. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டலோக்கியா என்னும் செடியின் விதை தானியத்தோடு கலந்து அரைபட்டுப் பாணில் சேர்ந்ததே காரணம் என்று இன்று கொள்ளப்படுகிறது. குற்றம் கோதுமையில் இல்லை. கூட வந்த களையில் இருந்தது.

எமது நாட்டில் ஈஸ்வரமூலி என்று சொல்லப்படும் மூலிகை அதே இனத்தைச் சேர்ந்தது. கைமருந்தாக அதைக் குடிநீர் வைத்துக் குடிப்பதைக் கைவிட வேண்டும். முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் கடையில் வாங்கி விழுங்கும் நோக்குளிசைகள் பலவும் சிறுநீரகத்தைக் கெடுப்பவையே. தானியத்தைப் புடைத்து, களைவிதை நீக்கி, நன்கு காயவைத்துச் சேமியுங்கள். பூஞ்சணம் பிடித்த தானியத்தைக் கோழிக்கும் போடாதீர்கள்.

நீரும் நிழலும்

உணவை மட்டும் திருத்தி, கிணற்றை மறந்தால் பயனில்லை. நீர் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருந்தால் பரிசோதிக்கக் கேளுங்கள். சுத்திகரித்த நீர் கிடைக்கும் இடத்தில் அதையே குடிக்கவும் சமைக்கவும் பாவியுங்கள். மாரியில் கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சுத்தமான தாங்கியில் பிடித்து மூடிவைப்பது எமது பகுதிக்கு நல்ல வழி. வயலுக்குப் போகும்போது நீரைக் கொண்டுபோங்கள். உச்சி வெயிலில் நிழலில் தங்குங்கள். டயலிசிஸ் செய்பவருக்கு மட்டும் நீரின் அளவு வைத்தியர் சொன்னபடியே.

மூன்று கேள்விகள்

அந்த ஐயாவை அவரது அடுத்த கிளினிக் நாளில் நாமும் கூடச் சென்று பார்த்தோம். போகுமுன் மருமகளிடம் மூன்று கேள்விகளைக் கொப்பியில் எழுதுவித்தோம். ஒன்று, மாமாவின் வடிகட்டும் வேகம் எவ்வளவு? இரண்டு, பொற்றாசியம் எவ்வளவு? மூன்று, பொசுபரசு எவ்வளவு? மொழி தெரியாத இடத்தில் இலக்கம் பேசும். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாதவரும் இலக்கத்தைக் குறித்து வரலாம். அடுத்த மாதத்து இலக்கத்தோடு ஒப்பிடலாம்.

வைத்தியர் பொறுமையாகப் பார்த்தார். வடிகட்டும் வேகம் 41. பொற்றாசியமும் பொசுபரசும் அளவுக்குள். இரத்த அழுத்தம்தான் கூடியிருந்தது. "கருவாட்டையும் பக்கற் சாப்பாட்டையும் விடுங்கோ. குரக்கனை ஒரு நேரம் அளவாகச் சாப்பிடலாம். மூன்று மாதத்தில் இரத்தம் பார்ப்போம். இலக்கம் மாறினால் சாப்பாடும் மாறும்" என்றார். ஐயா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறியபின்தான், "அப்ப குரக்கன் என்ர எதிரியில்லை" என்றார்.

நோய் மாறிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பழுதான வடி மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதை நீண்ட காலம் காப்பதே இயலும் காரியம். அவருக்கு அடுத்த பரிசோதனையில் இலக்கம் ஏறலாம். அன்று குரக்கனைக் குறைக்க வேண்டியும் வரலாம். ஆனால் இன்று அந்த வீட்டில் ஒரே அடுப்புத்தான் எரிகிறது. உப்புக் குறைந்த கறியைப் பிள்ளைகளும் சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

அன்பான விவசாயப் பெருமக்களே, குரக்கனுக்குக் குளத்து நீர் வேண்டியதில்லை. மாரி மழையை நம்பி மேட்டுக்காணியில் விதைத்தால் மூன்று, நான்கு மாதத்தில் கதிர் தரும். மருந்தும் உரமும் நெல்லுக்கு வேண்டிய அளவு கேட்பதில்லை. நன்கு காய்ந்தால் பல வருடம் பூச்சி அரிக்காமல் இருக்கும். இடம்பெயர்ந்தபோது நாம் இழந்தவற்றுள் காணியும் வீடும் கணக்கில் வந்தன; விதை கணக்கில் வரவில்லை. அயலில் யாரிடமேனும் நல்ல குரக்கன் விதை இருந்தால் ஒரு சுண்டாவது வாங்கி வையுங்கள்.

புல்மோட்டைக்குப் பக்கத்தில் அரிசிமலைக் கடற்கரை இருக்கிறது. அங்கே மணலே அரிசிமணி போலக் கிடக்கும். பார்க்க அழகு, பசிக்கு உதவாது. வெண்மையாகத் தெரிவதெல்லாம் சோறாகாது என்று அந்த ஐயாதான் எமக்குச் சொன்னார். அவரது திண்ணையில் அன்று கட்டிக்கிடந்த மூட்டை இப்போது அவிழ்ந்திருக்கிறது. பாதியை உண்ண எடுத்து, மறுபாதியை அடுத்த பெரும்போகத்து விதைக்கென்று வேறாகக் கட்டி வைத்திருக்கிறார்.